தெற்குக் கரை வழியாக

கொல்லயில்
9-2-1975

அன்புள்ள தம்பி ராஜதாசுக்கு அக்கா விஜயம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். அங்கே இப்போது நல்ல குளிர் என்று உன் கூட்டாளி ராபின்சன் வீட்டுக்கு வந்த கடிதத்தில் இருந்தது. கம்பளி வாங்கினாயா, இல்லை வழக்கம்போல அடுத்த மாசம் பார்க்கலாம் என்று இருக்கிறாயா?

இங்கே விசேஷம், உன் அத்தானுக்குப் பாசனச் சானலில் லஸ்கர் வேலை கிடைத்திருக்கிறது. ஷட்டரைத் திறந்து அடைப்பது, கரை உடையாமல் பார்த்துக்கொள்வது. இப்போதைக்குத் தற்காலிகம்தான். ஓவர்சியர் மனசு வைத்தால் நிரந்தரம் ஆகும். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நின்றது. பிறகு சைக்கிள்காரர்கள் வந்து அதைக் கெடுத்தார்கள்.

சானல்கரை எவ்வளவு அகலம் என்று உனக்குத் தெரியும். எதிரும் புதிருமாக இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் தண்ணீரில் இறங்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து விளையில் இறங்க வேண்டும். இப்போது ஊரெல்லாம் சைக்கிள். மரச்சீனிக் கிழங்குச் சாக்கு, தேங்காய், மீன்பெட்டி. போதாததற்குக் களியக்காவிளையிலிருந்து அரிசி கடத்துகிறவர்கள், எல்லைச் செக்போஸ்டுக்குப் பயந்து கரை வழியே பறக்கிறார்கள். அவ்வளவு பாரம் வைத்த சைக்கிள் பிரேக்குக்கு நிற்காது. கிறிஸ்துமசுக்கு முந்தின வாரம் ஒரு மீன்காரரும் அரிசிக்காரரும் முட்டிக்கொண்டதில் மீன்காரருக்குக் கை ஒடிந்தது. அதோடு ஓவர்சியர் ஒரு சட்டம் போட்டார். அமரவிளைக்குப் போகிறவர்கள் தெற்குக் கரை. திரும்பி வருகிறவர்கள் வடக்குக் கரை. மாறி வந்தால் லஸ்கர் மறித்து இறக்கிவிட வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் மறிக்க வேண்டியவர் உன் அத்தான். அவருக்குக் கோழியை விரட்டவே மனம் வராது. "எலே பொன்னுதாஸ், சானலு உனக்க அப்பன் வெட்டினதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இதில் பெரிய தலைவலி வேறு யாரும் இல்லை, நம் அப்பாதான். காலையில் மரச்சீனிச் சாக்கைக் கட்டிக்கொண்டு வடக்குக் கரை வழியாகவே அமரவிளைக்குப் போகிறார். மருமகன் கை காட்டினால் மணி அடிக்கிறார். ஏன் என்று நான் கேட்டால் வாயில் வெற்றிலை இருக்கிறது.

உனக்கு எப்போது லீவு? பிள்ளைகளுக்கு மாமன் முகம் மறந்துவிட்டது.

என்றும் அன்புள்ள,
அக்கா விஜயம்மா


அபுதாபி
3-3-1975

பிரியமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் அப்பாவுக்கும் ராஜதாசின் அன்பான வணக்கம். நான் நலம். இருமல் இருந்தது, போய்விட்டது. கம்பளி வாங்கிவிட்டேன், நம்பு.

அத்தானுக்கு வேலை கிடைத்தது கேட்டு மிகவும் சந்தோஷம். அவர் வேலையும் என் வேலையும் இப்போது ஒன்றாகிவிட்டது, பார்த்தாயா. இங்கே நாங்கள் தார் காய்ந்ததும் ரோட்டில் வெள்ளைக் கோடும் அம்பும் போடுகிறோம். கயிறு பிடிப்பவன் ஒரு பாகிஸ்தானி, பெயிண்ட் தள்ளுகிறவன் நான். இங்கே வண்டியெல்லாம் வலது பக்கமாகப் போகும். வந்த புதிதில் நான் ஊர்ப் பழக்கத்தில் தப்பான பக்கம் பார்த்து ரோட்டைக் கடந்து, லாரிக்காரனிடம் நல்ல அரபி வார்த்தைகள் கேட்டேன். எந்தப் பக்கம் போகிறோம் என்பது பெரிய காரியம் இல்லை அக்கா. எல்லோரும் ஒரே மாதிரி போக வேண்டும், அவ்வளவுதான்.

அத்தானிடம் சொல். கரை தொடங்குகிற இரண்டு பாலத்தடியிலும் கல் நட்டு, சுண்ணாம்பில் பெரிதாக அம்பு வரையட்டும். வாய் வலிக்கக் கத்த வேண்டாம். மாறி வருகிறவன் நுழையும் இடத்தில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டட்டும். அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். லஸ்கரின் மாமனாரே மாறிப் போனால் ஊரில் யார் கேட்பார்கள்?

லீவு கேட்டேன். வேலை நெருக்கம் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். பார்க்கலாம்.

உன் தம்பி,
ராஜதாஸ்


கொல்லயில்
6-4-1975

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். நீயும் சுகமாக இரு.

நீ சொன்னபடி அம்பு வரைந்தோம். நான்தான் சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் அம்புக்கு இரண்டு பக்கமும் தலை இருக்கிறது. யாரோ நம்மைவிட நன்றாக வரைந்திருக்கிறார்கள். மூங்கில் கட்டினோம். அது யார் வீட்டு அடுப்பில் எரிந்ததோ, ஆண்டவருக்குத் தெரியும். அத்தான் இப்போது வடக்குக் கரை முனையில் தானே மூங்கில் மாதிரி நிற்கிறார். காலையில் நின்றால் வெயில் ஏறும்வரை நிற்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

ஆனாலும் சொல்ல வேண்டும், முக்கால்வாசிப் பேர் வழிக்கு வந்துவிட்டார்கள். அரிசிக்காரர்களே தெற்குக் கரையில்தான் போகிறார்கள், எதிரே ஆள் வராததால் இன்னும் வேகமாகப் போகலாம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மாறி வருகிறவர் என்று பார்த்தால் இப்போது அப்பா ஒருவர்தான். போன வாரம் அத்தான் இரண்டு கையையும் விரித்து வழியில் நின்றார். அப்பா இறங்கி, சைக்கிளை ஒரு மரச்சீனி விளைக்குள் உருட்டி, அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வடக்குக் கரையிலேயே ஏறிப் போனார்.

"மாமா, எதுக்க பறந்து வாறானுவ. ஒருநாளு உங்களெ இடிச்சு வெள்ளத்திலெ போடுவானுவ," என்று அத்தான் சொன்னதற்கு, "போட்டா போட்டும்," என்றாராம்.

தெற்குக் கரையில் வளைவு திரும்பியதும் மேலேவீட்டு ஏமானின் கேட்டு இருக்கிறது. உனக்குத் தெரியாததா. அந்த கேட்டுக்கு முன்னால் நம் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்து, உருட்டிக்கொண்டு போன காலம் உண்டு. இப்போது இளவட்டங்கள் இறங்குவதில்லை. அப்பாவுக்கு அந்த வழியே வேண்டாம் என்று இருக்கிறது. நாம் குடியிருக்கிற பத்து சென்டு நிலம் நம் பெயருக்குப் பதிந்து வந்த பிறகு அவர் ஒருநாளும் அந்த கேட்டுக்கு முன்னால் போனதில்லை. நீ இதில் தலையிடாதே. அவரை விட்டுவிடு.

அன்புடன்,
அக்கா


அபுதாபி
2-5-1975

அன்புள்ள அக்காவுக்கு, நலம். உங்கள் நலமே வேண்டுவது. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மதியத்தில் பெயிண்ட் டப்பாவைத் தொட முடியாது.

உன் கடிதத்தை வாசித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் மேலேவீட்டு கேட்டா? நிலச் சட்டம் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று. நாம் இருக்கிற மண் நம் பெயரில் இருக்கிறது. பழைய நிலத்துக்காரர் செல்லசாமி ஏமான் இனி நம்மை எங்கிருந்து இறக்கிவிட முடியும்? இளவட்டங்கள் இறங்காமல் போகிறார்கள் என்று நீயே எழுதுகிறாய். பிறகு அப்பாவுக்கு என்ன பயம்? நான் அங்கே சைக்கிளை விட்டு இறங்காமல் போனதற்கு அன்றைக்கு வாங்கிய அடி என் முதுகில் இருக்கிறது. அதற்காகவாவது அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம் இல்லையா?

நான் அப்பாவுக்கே எழுதப் போகிறேன்.

தம்பி,
ராஜதாஸ்


கொல்லயில்
25-5-1975

அன்புத் தம்பி, சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எழுதாதே. உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உனக்குத் தெரியாத காரியம் ஒன்று உண்டு. அதைக் கடிதத்தில் எழுத எனக்கு மனமில்லை. நீ வரும்போது நேரில் சொல்கிறேன்.

நேற்று ஓவர்சியர் வந்தபோது அப்பா எதிர்வழியில் வந்து அவர் முன்னாலேயே மணி அடித்தார். ஓவர்சியர் அத்தானைப் பார்த்து, "ஸ்வந்தம் ஆளினெ நிறுத்தான் பற்றாத்தவன் எந்து லஸ்கரா? இனி ஒரு பிராவசியம் கண்டால் நீ வரண்டா, கேட்டோ," என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். சொந்த ஆளையே நிறுத்த முடியாதவன் என்ன லஸ்கர், இன்னொரு தடவை கண்டால் வேலைக்கு வர வேண்டாம் என்கிறார். அதிலிருந்து அத்தானும் அப்பாவும் பேசுவதில்லை. நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் சோறு போடுகிறேன். களைத்துவிட்டேன் தம்பி. எப்படியாவது நானே பேசிப் பார்க்கிறேன். நீ எழுதாதே.

அக்கா


அபுதாபி
28-5-1975

மரியாதைக்குரிய அப்பாவுக்கு மகன் ராஜதாஸ் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அப்பா, நீங்கள் இன்னும் யாருக்குப் பயப்படுகிறீர்கள்? ஊரே ஒரு பக்கம் போகும்போது நீங்கள் மட்டும் எதிரே போகிறீர்கள். அதனால் அத்தானுக்கு வேலை போனால் அக்காவும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்று யோசித்தீர்களா? நான் இங்கே நாள் முழுவதும் வெயிலில் நின்று ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் வழி வரைகிறேன். என் அப்பா எதிர்வழியில் ஓடுகிறார் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். நாளையிலிருந்து தெற்குக் கரை வழியாகப் போங்கள். அந்த கேட்டு உங்களை ஒன்றும் செய்யாது.

மகன்,
ராஜதாஸ்


கொல்லயில்
22-6-1975

அன்புத் தம்பி, இங்கே மழை. எல்லோரும் இருக்கிறோம். நீ சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

நாம் இரண்டு பேரும் எழுதியது வழியில் தாண்டிப் போயிருக்கிறது. உன் கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு தானே வாசித்தார். மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். "பய சொல்லது செரியாக்கும். உனக்க மாப்பிளைக்கு வேலெ வேணும்," என்றார். மறுநாள் தெற்குக் கரை வழியாகப் போனார்.

நான் சானலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் அப்பா இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். மரச்சீனிச் சாக்கோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு மேலேவீட்டு கேட்டைத் தாண்டினார். அதன்பின் மறுபடி ஏறுவதற்குப் பட்ட பாட்டை எழுத வேண்டாம். அந்தப் பாரத்தோடு மேட்டில் சைக்கிளில் ஏறுவது சின்ன வயசுக்காரர்களுக்கே கஷ்டம். பின்னால் வந்த அரிசிக்காரர்கள், "கெழவா, எறங்கதுக்கு எடம் பாத்தியா," என்று வைதுகொண்டு விலகிப் போனார்கள். அன்று மட்டுமில்லை. தினமும் அப்படித்தான் போகிறார்.

அத்தானுக்கு நிம்மதி. ஓவர்சியர் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நீ கேட்டபடி ஆயிற்று.

அக்கா


அபுதாபி
15-7-1975

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

அப்பா வழிக்கு வந்தது நல்லது. என் கடிதம் கொஞ்சம் காரமாகிவிட்டது, அவரிடம் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். ஆனால் ஏன் இறங்க வேண்டும்? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அவர் பழக்கத்தால் செய்கிறாரா? இறங்காமல் போகச் சொல். ஒருநாள் போய்விட்டால் பிறகு பழகிவிடும். உன் கடிதம் சின்னதாக இருக்கிறது. கோபமா?

லீவு ஓணத்துக்குக் கிடைக்கும்போல் இருந்தது. இப்போது இன்னொருவன் ஊருக்குப் போகிறான், அதனால் எனக்கு இல்லை.

ராஜதாஸ்


அபுதாபி
20-8-1975

அக்கா, நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா?

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. ராபின்சனுக்கு எழுதினேன், அவனும் எழுதவில்லை. நம் ஊர்ப்பக்கத்து ஆரியங்கோட்டுக்காரர் ஒருவர் லீவு முடிந்து வந்தார். நம் வீட்டைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். என்ன ஆயிற்று என்று ஒரு வரியாவது எழுது.

ராஜதாஸ்


கொல்லயில்
14-9-1975

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. அப்பா உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன். நீ பயப்படாதே.

ஜூலை கடைசியில் நல்ல மழையில் அது நடந்தது. அப்பா வழக்கம்போல வளைவு திரும்பி கேட்டுக்கு முன்னால் இறங்கினார். பின்னால் அரிசிச் சாக்கோடு ஒருவன் வளைவில் வந்தான். அந்த இடத்தில் ஒரு ஆள் இறங்கி நிற்பார் என்று அவன் எப்படி நினைப்பான்? அப்பாவை அடித்து, சைக்கிளும் சாக்கும் அவர்மேல் விழுந்தன. அவன் சாக்கை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தங்கப்பன் டீக்கடையில் இருந்தவர்கள்தான் அப்பாவைத் தூக்கினார்கள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் போட்டு, இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்று சொன்னார்கள். இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். இனி சைக்கிள் மிதிக்க முடியாது.

ஓவர்சியர் வந்து விசாரித்தார். அப்பா முறையான கரையில்தான் போயிருக்கிறார், எதிர்வழிக் கேஸ் இல்லை, ஆகவே லஸ்கர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார். அத்தான் வேலை பத்திரமாக இருக்கிறது. அன்று அத்தான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

நேரில் சொல்கிறேன் என்று எழுதினேனே, அதை இனி வைத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நீ ஸ்கூலில் படிக்கும்போது வாடகை சைக்கிளில் மேலேவீட்டு கேட்டுக்கு முன்னால் ஏறிப் போனாய். அவர்கள் ஆட்கள் உன்னை அடித்தார்கள். அது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் ஏமான் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன். "இண்ணைக்கே குடிலைப் பிரிச்சிட்டுப் போணும்," என்றார். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றார். "எனக்கு உசிரு இருக்கது வரெ எனக்க வீட்டிலெ உள்ள ஒருத்தரும் இந்த கேட்டுக்கு முன்னெ சைக்கிளிலெ ஏறி இருக்கமாட்டாவ. வாக்காக்கும் ஏமானே," என்றார். அந்த வாக்கில்தான் நமக்குக் குடில் மிஞ்சியது. மறுநாளே உன்னை மார்த்தாண்டத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். நீ அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து அபுதாபி என்று போய்க்கொண்டே இருந்துவிட்டாய். உன்னிடம் சொல்லக்கூடாது, பிள்ளை மனசில் பாரம் வேண்டாம் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பத்து சென்டு கையில் வந்த பிறகு அவர் இனிமேல் இறங்குவதில்லை என்று தீர்மானித்தார். ஆனால் கொடுத்த வாக்கை உடைக்கவும் மாட்டார். இறங்கவும் வேண்டாம், ஏறியும் போக வேண்டாம் என்றால் அவருக்கு வடக்குக் கரைதான் இருந்தது. எதிரே வருகிறவன் இடித்தாலும் பரவாயில்லை என்று அதில் போனார். அந்த ஒரு வழியையும் நாம் எல்லோரும் சேர்ந்து அடைத்தோம். நீ மட்டும் இல்லை, அத்தான், ஓவர்சியர், சுண்ணாம்பு கலக்கிக் கொடுத்த நானும்தான். ஆகையால் நீ ஒருவனாக இதைச் சுமக்காதே.

அக்கா


அபுதாபி
6-10-1975

அக்கா,

அப்பா எப்படி இருக்கிறார்? கம்பு இல்லாமல் நடக்கிறாரா?

எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நான் அவருக்கு எழுதிய கடிதத்தில் பயம் என்று ஒரு வார்த்தை போட்டேன். அதை வேதப்புத்தகத்திலிருந்து எடுத்துக் கிழித்துவிடு.

ஒன்று செய். மேலேவீட்டுக்குப் போய் ஏமானிடம் கேள். அந்த வாக்கைத் திருப்பிக் கொடுக்கச் சொல். அப்பா இருக்கிற காலத்திலேயே அது தீர வேண்டும். நான் வந்து கேட்க வேண்டிய காரியம். எனக்கு அந்த கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கத் தைரியம் இல்லை. லீவு, சூப்பர்வைசர் என்று எழுதியதெல்லாம் சாக்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

ராஜதாஸ்


கொல்லயில்
9-11-1975

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே சுகம்தான். அப்பாவுக்கு வலி குறைந்திருக்கிறது. பழையபடி என்னை அதட்டுகிறார், அதனால் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலேவீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாகப் போனேன். கேட்டை நானே திறந்தேன். ஏமானுடைய மகள் ஸ்ரீகுமாரி டீச்சர்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். எனக்கு அந்த வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். ஸ்ரீகுமாரி முழுவதும் கேட்டார். "எனக்கு இது ஒண்ணும் தெரியாது விஜயம்மா. அச்சனுக்கு இப்ப என்னையே அறியாது. போன ஓணத்துக்கு முன்னே பேச்சும் போச்சு," என்று சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஏமான் சாய்வு நாற்காலியில் இருந்தார். வாயோரம் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பொன்னையன் என்று அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் என் சேலைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது தம்பி. யார்மேல் என்றே தெரியாத கோபம். இந்த வாயில் இருந்தா நம் அப்பா விடுதலை வாங்க வேண்டும்? அங்கே கொடுத்த டீயைக் குடித்தேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "ஏமான் சொன்னாரு, பொன்னையன் இனி எறங்கண்டாம், வாக்கு தீர்ந்துதுண்ணு," என்றேன். அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி மக்கா," என்றார்.

பொய் சொன்னதற்கு ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நீ அப்பாவுக்கு எழுதும்போது இதை உடைத்துவிடாதே.

அக்கா


கொல்லயில்
4-1-1976

கர்த்தருக்குள் அன்பான மகன் ராஜதாசுக்கு அப்பா பொன்னையன் எழுதுவது. என் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி. நான் சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை அக்காவுக்குத் தெரியாமல் ராபின்சன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவளிடம் சொல்லாதே.

ஏமான் என் வாக்கைத் திருப்பிக் கொடுத்தார் என்று விஜயம்மா வந்து சொன்னாள். ஏமானுக்குப் பேச்சில்லை என்று எனக்குத் தெரியும். உன் கடிதம் கண்டு தெற்குக் கரையில் போன நாளெல்லாம் நான் அந்த கேட்டில் இறங்கினேன் இல்லையா, அப்போது தினமும் அவரைப் பார்த்தேன். முன்வாசலில் நாற்காலியில் வைத்திருப்பார்கள். ஈ மொய்த்தாலும் விரட்டமாட்டார். என்னையும் பார்த்தார், கேட்டில் தலையை நீட்டிய பசுவையும் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒன்றுதான். அப்படியென்றால் நீ ஏன் இறங்கினாய் என்று கேட்பாய். அவர் மறந்தால் என்ன, வாக்குக் கொடுத்தவன் நான். எனக்கு மறக்கவில்லை.

ஆனால் உன் அக்கா எனக்காக அந்த வீட்டு முன்வாசல் வழியே போனாள். உன் அம்மா அந்த வீட்டுக்கு நெல் குத்தப் போனதெல்லாம் பின்வாசல் வழியாகத்தான். விஜயம்மா போய்க் கேட்டுவிட்டு வந்து என் முகத்துக்கு நேரே நின்று பொய் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும். அதைப் பார்த்ததும் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. என் மகள் கேட்டு வாங்கி வந்ததே எனக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டேன். நீ எழுதியதில் எனக்குக் கோபம் இல்லை. மருமகன் வேலைக்காக எழுதினாய். தகப்பனுக்குப் புத்தி சொல்ல மகனுக்குப் பாத்தியதை உண்டு.

புதுவருஷ ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். பொன்னுதாஸ் என் சைக்கிளை எடுத்து, கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்தான். வடக்குக் கரை வழியாகத் திருப்பினான், பாவம், எனக்காக. லஸ்கரே மாறிப் போனால் எப்படி? "எலே, முறையான கரையிலெ போ," என்றேன். வளைவு வந்தது. என் கால் தானாகத் தரையைத் தேடியது. இடுப்பு ஒடிந்த பக்கத்துக் காலும் தேடியது. இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். துண்டு தலையில் இருந்தது, எடுக்கவில்லை. கேட்டு பூட்டியிருந்தது. முன்வாசலில் நாற்காலியும் இல்லை, ஆளும் இல்லை. என்னைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. நாங்கள் பாட்டுக்குப் போய்விட்டோம்.

பொன்னுதாஸ் மிதித்துக்கொண்டே அழுதான். நான் முதுகில் தட்டி, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன்.

உனக்கு லீவு கிடைக்காமல் இல்லை. அது எனக்குத் தெரியும் மக்கா. நீ பயந்ததில் தப்பில்லை. போதும், வா. அமரவிளையில் பஸ் இறங்க வேண்டாம், பாறசாலையில் இறங்கு. அங்கே வாடகை சைக்கிள் கிடைக்கும். தெற்குக் கரை வழியாக, எந்த கேட்டுக்கு முன்னாலும் இறங்காமல், அமரவிளை வரைக்கும் போய்விட்டு, வடக்குக் கரை வழியாக வீட்டுக்கு வா. கொஞ்சம் சுற்றுதான். நான் வாசலில் கம்போடு நிற்பேன்.

உன் அப்பன்,
பொன்னையன்